எங்கள் தெருவில் எலுமிச்சம்பழம் கைமாறக் கூடாது

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் எலுமிச்சை மரம் ஆண்டு முழுவதும் காய்க்கிறது. முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன மரம். நாங்கள் எவ்வளவுதான் சாதம் கிளறி ஊறுகாய் போட்டாலும் பாதிப் பழம் மிஞ்சும். ஆனாலும் அதில் ஒரு பழத்தைக்கூட எதிர்வீட்டுக்குக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. தெற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் எங்கள் பகுதி தாவர நோய்த் தனிமைப்படுத்தல் எல்லைக்குள் வருகிறது. வீட்டில் விளைந்த எலுமிச்சை, ஆரஞ்சு, கறிவேப்பிலை எதுவும் விளைந்த இடத்தின் வேலியைத் தாண்டக் கூடாது. அங்கேயே பிழிந்து குடிக்கலாம், சமைத்துச் சாப்பிடலாம். அவ்வளவுதான்.

ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எலுமிச்சம்பழத்துக்கு ஊரடங்கா என்று கேட்டவர்களும் உண்டு. இங்கேயே இருக்கும் நம்மவர்களில் பலருக்கும் இது அதிகாரிகளின் கெடுபிடியாகத்தான் தெரிகிறது. எனக்கும் இந்த விஷயத்தில் புத்தி தெளிந்தது என் மாமியாரின் பெட்டியை விமான நிலையத்தில் திறந்த அன்றுதான். அதற்கு முன்னால் இந்தத் தடைக்குக் காரணமான பூச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்று பெயர். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். இலையில் உட்காரும்போது தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். அப்படி உட்காரும் பூச்சி வேறு அதிகம் இல்லாததால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அது சாற்றை உறிஞ்சுவது கூடப் பெரிய நட்டம் இல்லை. அது சுமந்து வரும் பாக்டீரியாதான் மரத்தைக் கொல்கிறது. அந்த நோயின் பெயர் ஹுவாங்லாங்பிங்; இங்கே சுருக்கமாக எச்.எல்.பி. என்கிறார்கள், கிரீனிங் நோய் என்பதும் அதுதான். இலை ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் திட்டுத்திட்டாக மஞ்சளாகும். பழம் கோணலாகச் சிறுத்து, அடிப்பக்கம் பச்சை மாறாமல், கசக்கும். சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். நோய்க்கு மருந்து இல்லை. இதைவிடக் கொடுமை, நோய் தொற்றிய பிறகும் மரம் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாகவே நிற்கும். அந்தக் காலமெல்லாம் அதில் வந்து உட்காரும் பூச்சிகள் கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போய்க்கொண்டிருக்கும்.

புளோரிடாவில் நடந்தது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அங்கே 1998-ல் பூச்சியைக் கண்டார்கள். 2005-ல் நோயைக் கண்டார்கள். 1997-98 பருவத்தில் அந்த மாநிலம் 24.4 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைவித்தது. 2022-23-ல் அது 1.6 கோடிப் பெட்டிக்குச் சுருங்கியது. சூறாவளிகளுக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புயலில் சாய்ந்த தோப்பை மறுபடி நட்டுவிட முடியும். நட்ட கன்றையும் நோய் பிடிக்கும் என்று தெரிந்த பிறகு எந்த விவசாயி நடுவார்? தோப்புகளை விற்றுவிட்டார்கள். பல இடங்களில் இப்போது வீடுகள் நிற்கின்றன.

கலிபோர்னியாவுக்குப் பூச்சி 2008-ல் சான் டியேகோ பக்கமாக வந்து சேர்ந்தது. முதல் நோய் மரம் 2012-ல் லாஸ் ஏஞ்சலஸை அடுத்த ஹசியெண்டா ஹைட்ஸில் ஒரு வீட்டுக் கொல்லையில் பிடிபட்டது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான மரங்கள். பெரும்பாலானவை எங்களைப் போன்றவர்களின் வீட்டு மரங்கள்தான். பெரிய தோப்புக்காரர் மருந்தடிக்கிறார், ஆள் வைத்துப் பார்க்கிறார். வீட்டுக்காரர் பழம் பறிக்கும்போது மட்டும்தானே மரத்தின் பக்கம் போகிறார்!

இதில் நம் கறிவேப்பிலை எங்கே வந்தது? எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே தாவரக் குடும்பம். சில்லிட் கறிவேப்பிலைச் செடியிலும் சுகமாக முட்டையிட்டுப் பெருகும். கறிவேப்பிலைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. 2009-ல் ஃபிரெஸ்னோவில் பார்சல்களை மோப்பம் பிடிக்கும் நாய் ஒன்று ஒரு பொதியைக் காட்டிக் கொடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த பொதி. உள்ளே கறிவேப்பிலை; அதில் உயிருள்ள சில்லிட்டுகள். சோதனையில் நோய்க் கிருமியும் இருந்தது தெரியவந்தது. மாநிலத்தில் ஒரு மரத்திலும் நோய் காணப்படாத காலம் அது. யாரோ ஒரு தாய் பிள்ளைக்கு ஆசையாக அனுப்பிய இலையாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது என் மாமியார். அவருக்குக் காரமடைப் பக்கம். கறிவேப்பிலையை ஏக்கர் கணக்கில் பயிரிட்டு லாரியில் ஏற்றும் ஊர்ப்பகுதி அது. வீட்டுக் கிணற்றடியிலும் செங்காம்பு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அதன் வாசனை தெரிந்தவர்களுக்குக் கடையில் வாங்கும் இலை வைக்கோல்தான். நாங்கள் ஊருக்குப் போய்விட்டு அவரையும் கூட்டிக்கொண்டு திரும்பிய பயணத்தில், விமானம் இறங்கப் போகும் நேரத்தில், எதேச்சையாகச் சொன்னார்: "கிளம்புகிற அன்று விடியற்காலையில் நாலு கொத்து பறித்து ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், கண்ணு. வாடாமல் இருக்கும்."

நான் பதறியதைப் பார்த்து அவர் பதறினார். "இதில் என்ன கண்ணு இருக்கிறது? இலைதானே! ஒரு புள்ளி பூச்சி இல்லை. நானே பார்த்துப் பார்த்துக் கொழுந்தாகப் பறித்தேன்."

லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியதும் அதிகாரி கேட்பதற்கு முன்பாகவே, பெட்டியில் கறிவேப்பிலை இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். வேளாண் பரிசோதனை மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமைசாலி. துணியைப் பிரித்து, கொத்துகளை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் லேசாகத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மாமியார் என்னை வெற்றியோடு பார்த்தார். அதிகாரி ஒரு நுனிக் கொழுந்தை, இன்னும் மடிப்பு விரியாத இலைகளை, ஊசியால் மெல்லப் பிரித்து உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து எங்களைப் பார்க்கச் சொன்னார். இலையின் இடுக்கில் வரிசையாக மஞ்சள் முட்டைகள். வெறும் கண்ணுக்கு அவை மகரந்தத் தூள் மாதிரிகூடத் தெரியவில்லை.

அங்கே நின்றபடியே எனக்கு விஷயம் பிடிபட்டது. சில்லிட் முற்றிய இலையில் முட்டையிடுவதில்லை. தளிரில் மட்டும்தான் இடும். குஞ்சுகளும் தளிரில்தான் வளரும். நாம் ஊரிலிருந்து எதைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வருகிறோமோ, அந்தக் கொழுந்துதான் பூச்சி குடியிருக்கும் இடம். பழுத்த இலை, புள்ளி விழுந்த இலையை நாமே ஒதுக்கிவிடுகிறோம். நன்றாக இருப்பதைத்தான் எடுத்து வருகிறோம். ஈரத்துணி இலையைக் காப்பாற்றுவது போலவே முட்டையையும் காப்பாற்றுகிறது. கழுவினால் போய்விடாதா என்று பலரும் கேட்கிறார்கள். போகாது. அந்த முட்டைக்கு ஒரு சிறு காம்பு உண்டு. அதை இலையின் சதைக்குள் ஊன்றித்தான் பூச்சி முட்டையிடுகிறது. ஒரு பூச்சி தன் வாழ்நாளில் எண்ணூறு முட்டை வரை இடக்கூடியது. ஆகவே 'நான் நன்றாகப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு இந்த விஷயத்தில் மதிப்பு எதுவும் கிடையாது, சொல்பவர் என் மாமியாராகவே இருந்தாலும்.

இலையை எடுத்துக்கொண்டார்கள். அபராதம் இல்லை. தெளிவாகச் சொல்கிறேன், இதில்தான் நம்மவர்களிடம் வதந்தி அதிகம்: தடை செய்யப்பட்ட பொருளாகவே இருந்தாலும் நாமாக முன்வந்து சொல்லி ஒப்படைத்தால் தண்டனை இல்லை. பொருள் மட்டும் போகும். மறைத்துப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 1,000 டாலர் வரை அபராதம் போடலாம். விரைவு அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் இழக்க நேரிடும். மோப்ப நாய்கள் பெரும்பாலும் பீகிள் இனம். பார்க்கக் குழந்தை மாதிரி இருக்கும், பெட்டியின் பக்கத்தில் வந்து அமைதியாக உட்காரும். உட்கார்ந்துவிட்டால் முடிந்தது.

மாமியார் அத்துடன் விடவில்லை. இந்திய மளிகைக் கடைக்குப் போனபோது பங்கனபள்ளி மாம்பழப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "நான் நாலு இலை கொண்டு வந்தால் குற்றம், இவர்கள் பெட்டி பெட்டியாக இறக்கினால் வியாபாரமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் பதில் தேடிப் படித்ததில் மாம்பழத்தின் கதையும் தெரிந்தது.

1989 முதல் ஏறத்தாழ 18 ஆண்டுகள் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள் வர முடியவில்லை. பழ ஈ ஒரு காரணம். இன்னொன்று மாங்கொட்டை வண்டு. பழம் பிஞ்சாக இருக்கும்போதே புழு கொட்டைக்குள் போய்விடும். தோலில் இருந்த தடம் ஆறிப்போகும். பழத்தை அறுத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. ஊரில் கொட்டையை உடைத்து வண்டைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். 2007-ல் தடை நீங்கியது. நீங்கிய விதம் முக்கியம்: மகாராஷ்டிரத்தில் லாசல்காவ் கதிர்வீச்சு நிலையத்தில் பழங்களுக்கு 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றுமதி. அந்த அளவில் வண்டு உடனே செத்துவிட வேண்டும் என்பதில்லை. இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போனால் போதும். இந்த வேலை நடக்கும்போது அமெரிக்க வேளாண் துறையின் ஆளும் அங்கே இருப்பார். 2025 மே மாதத்தில் ஆவணங்களில் குறை என்று 15 தொகுப்பு மாம்பழங்களை அமெரிக்க விமான நிலையங்களில் நிறுத்திவிட்டார்கள். திருப்பி அனுப்பும் செலவு கட்டாது என்று ஏற்றுமதியாளர்கள் அவற்றை அங்கேயே அழிக்கச் சம்மதித்தார்கள். பழம் நல்ல பழம்தான். தாள் சரியில்லை என்றால் பழத்தை நம்ப வழியில்லை என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பெட்டிக் கறிவேப்பிலைக்கும் கடை மாம்பழத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அதில்தான் புரிந்தது. கடைப் பழத்துக்கு ஒரு சிகிச்சை, ஒரு சாட்சி, ஒரு தாள் இருக்கிறது. நம் பெட்டிக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது.

பழ ஈயின் கொடுமையை நாங்கள் பக்கத்திலேயே பார்த்தோம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ரெட்லண்ட்ஸ் என்ற ஊர். ஆரஞ்சுத் தோப்புகளால் வளர்ந்த ஊர். 2023-ல் அங்கே கீழை நாட்டுப் பழ ஈ பெருகிவிட்டது. நம் மாந்தோப்புகளில் ஆண் ஈயை ஈர்க்கும் மெத்தில் யூஜினால் என்ற மருந்தைப் பொறியில் வைத்துப் பிடிக்கிறோமே, அதே ஈ. தோலுக்கு அடியில் முட்டையிடும். பழம் வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே புழு நெளியும். அடுத்த ஆண்டு சனவரி கடைசியில் தொடங்கி, ஆட்கள் இறங்கி, 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் மரங்களில் இருந்த பழங்களை எல்லாம் பறித்து எடுத்துப் போனார்கள். வீட்டுக்காரர் சம்மதமா என்று கேட்கும் நிலை இல்லை. 2024 ஆகஸ்டில்தான் ஈ ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அது யார் கொண்டு வந்த பழத்தில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் இப்படி வருபவை பயணிகளின் பையிலோ தபாலிலோ வந்தவைதான் என்கிறார்கள் அதிகாரிகள்.

வீட்டில் மரம் வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாநில வேளாண் துறையினர் மரத்தில் மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட வருவார்கள். இலை மாதிரி எடுப்பார்கள். கதவைத் திறந்துவிடுங்கள். அருகில் நோய் கண்டால் மருந்தடிக்க அறிவிப்புச் சீட்டு ஒட்டிப் போவார்கள். அதில் என்ன மருந்து, எத்தனை நாள் பழம் பறிக்கக் கூடாது என்பது இருக்கும், அதைப் படியுங்கள். தளிர் விடும் பருவங்களில் நீங்களே இலை நுனிகளை உருப்பெருக்கியால் பாருங்கள். சில்லிட் குஞ்சு இருந்தால் வெள்ளை மெழுகு இழைகள் சுருள் சுருளாகத் தெரியும். சந்தேகம் வந்தால் மாநிலப் பூச்சித் தகவல் எண் 1-800-491-1899. கிளையைப் பறித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகாதீர்கள்; போகும் வழியெல்லாம் பரப்புவீர்கள்.

எறும்பைக் கவனியுங்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இங்கே பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து மிகச் சிறிய குளவி ஒன்றைக் கொண்டு வந்து 2011 முதல் விட்டுவருகிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துப் பூச்சியியல் அறிஞர் மார்க் ஹாடில் முன்னின்று செய்த வேலை. குளவி சில்லிட் குஞ்சின் அடியில் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். ஆனால் சில்லிட் சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் குஞ்சுகளுக்குக் காவல் நின்று குளவியை விரட்டுகின்றன. எறும்பை மரத்தில் ஏறவிடாமல் தடுத்தால் குளவி தன் வேலையைச் செய்யும். நான் அடிமரத்தைச் சுற்றி ஒட்டும் பட்டை கட்டி, தரையில் தொடும் கிளைகளை வெட்டிவிட்டேன். வெட்டிய கிளைகளை உடனே குப்பையில் போடக் கூடாது. அங்கேயே காயவிட்டு, அல்லது இரண்டு பைகளில் கட்டி, பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும்.

நண்பர் வீட்டு நல்ல ஜாதி மரத்திலிருந்து மொட்டு வாங்கி ஒட்டுக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அதை அடியோடு விட்டுவிடுங்கள். ஹசியெண்டா ஹைட்ஸின் அந்த முதல் மரமே பல ரகம் ஒட்டுக் கட்டிய மரம். ஒட்டு மொட்டு வேண்டுமானால் சோதித்துத் தரும் திட்டம் ரிவர்சைடில் இருக்கிறது. கன்று வேண்டுமானால் உரிமம் பெற்ற நாற்றங்காலில் சீட்டோடு வாங்குங்கள். கறிவேப்பிலைக் கன்றும் அப்படித்தான். இணையத்தில் வேறு மாநிலத்திலிருந்து மலிவாக அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

கோயில் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. சிவராத்திரிக்கு வில்வம் வேண்டும் என்று ஊரிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வில்வமும் எலுமிச்சையின் உறவுதான், விளாவும் அப்படியே. இலை எந்த வடிவத்திலும் வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் வீட்டில் செழிப்பாகக் கறிவேப்பிலை நிற்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு கூட்டு விருந்துக்கும் கட்டுக்கட்டாகக் கொண்டு வருவார். இப்போது அவர் வீட்டிலேயே தாளித்து, சாம்பாராகக் கொண்டு வருகிறார். முதலில் கொஞ்சம் முணுமுணுத்தார். இப்போது அவரே மற்றவர்களை அதட்டுகிறார்.

ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நான் சொல்லி அனுப்புவது இது. பச்சையாக எதுவும் வேண்டாம்: இலை, பழம், காய், வேர், விதை. அரிசியும் வேண்டாம்; சேமித்த தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டுக்குப் பயந்து இந்திய அரிசியைப் பயணிகள் பெட்டியில் அனுமதிப்பதில்லை. புளிக்காய்ச்சல், ஊறுகாய், பருப்புப் பொடி, காப்பிப் பொடி, முறுக்கு தாராளமாக வரட்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், மேலே, பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கேட்டால் 'உணவு இருக்கிறது' என்று சொல்லச் சொல்லுங்கள். 'இல்லை' என்று சொல்லிவிட்டு முறுக்கு கிடைத்தாலும் பேச்சு நீளும். ஆங்கிலம் வராதவர்கள் என்றால் ஒரு தாளில் ஆங்கிலத்தில் பட்டியல் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள். என் மாமியார் இப்போது அப்படித்தான் வருகிறார், பட்டியலைக் கேட்பதற்கு முன்பே நீட்டுகிறார். பண்ணைக்குப் போனீர்களா, கால்நடையைத் தொட்டீர்களா என்றும் கேட்பார்கள். கிராமத்திலிருந்து வருபவர்கள் 'ஆம்' என்றே சொல்லட்டும். தோட்டத்துக்குப் போட்டுப் போகும் செருப்பை ஊரிலேயே விட்டுவிட்டு வரலாம். கொண்டு வந்துதான் ஆக வேண்டும் என்றால் அடியில் மண் ஒட்டாமல் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கேட்டவுடன் எடுத்துக் காட்ட வசதியாகத் தனிப் பையில் வைக்கட்டும்.